பால் தராத அறுபது நாட்கள்

பள்ளிகொண்டாவிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் எளிய குடும்பம் ஒன்றின் வரவு செலவைச் சற்று எண்ணிப் பாருங்கள். குடும்பத் தலைவர் விடியற்காலையில் ஆம்பூருக்கோ பேரணாம்பட்டுக்கோ காலணித் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிடுகிறார். வீட்டிலுள்ள பெண்கள் பீடி சுற்றுகின்றனர். கொல்லைப்புறத்தில் ஒரு கலப்பினப் பசு கட்டப்பட்டிருக்கிறது. சம்பளப் பணம் வாடகைக்கும் மளிகைக்கும் கரைந்துவிட, பிள்ளைகளின் புத்தகம், முதியவரின் மருந்து, திடீரென்று வந்து நிற்கும் விருந்தாளி ஆகிய அனைத்தையும் தாங்குவது அந்தப் பசுவின் பால் காசுதான். கறப்பதும், சங்கத்தில் ஊற்றுவதும், சாணம் அள்ளுவதும் பெரும்பாலும் பெண்களே. ஆகவே இக்கட்டுரையை முதலில் நம் தாய்மார்களும் சகோதரிகளும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மத்ரஸாவில் பாடம் நடத்துபவனுக்கு மாட்டுத் தீவனத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எம்மிடம் ஓத வரும் பிள்ளைகளில் சிலர் பால் கேனைச் சங்கத்தில் வைத்துவிட்டு நேரே வகுப்புக்கு வருபவர்கள். வீட்டில் மாடு படுத்துவிட்டால் பையனும் பாடத்துக்கு வருவதில்லை. அவ்வாறு வராத நாட்கள் பெரும்பாலும் மாடு கன்று ஈன்ற வாரத்திலேயே அமைகின்றன என்பதைக் கவனித்த பிறகுதான், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் இதனை அறிய முற்பட்டேன்.

பசு ஓராண்டில் ஏறத்தாழ இரண்டு மாதம் பால் தராமல் நிற்கும். அடுத்த கன்றுக்காக அதன் மடி ஓய்வெடுக்கும் காலம் அது. அந்த இரண்டு மாதங்களில் நாம் அதற்கு என்ன போடுகிறோம்? “கறவை நின்றுவிட்டது, இனி எதற்குப் புண்ணாக்கு?” என்று தவிட்டையும் புண்ணாக்கையும் நிறுத்திவிட்டு, வைக்கோலை மட்டும் காட்டுகிறோம். சிலரோ, நன்றாகத் தின்றால் கன்று பெருத்துவிடும், ஈனும்போது சிக்கிக்கொள்ளும் என்று அஞ்சி, இருப்பதையும் குறைத்துவிடுகின்றனர். வரவு இல்லாத இடத்தில் செலவைக் குறைப்பது குடும்பம் நடத்துபவரின் இயல்பு. ஆயினும் இந்தக் கணக்கு தலைகீழானது.

வற்றிய மாடு சும்மா நிற்பதில்லை

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். வயிற்றிலுள்ள கன்று தன் பிறப்பு எடையில் பாதிக்கும் மேற்பட்டதைக் கடைசி இரண்டு மாதங்களில்தான் சேர்த்துக்கொள்கிறது. அதே இரண்டு மாதங்களில் மடிக்குள் பழைய பால் செல்கள் கழிந்து புதியவை உருவாகின்றன. முந்தைய கறவையில் கரைந்துபோன உடலையும் பசு அப்போதுதான் ஈடுசெய்துகொள்ள வேண்டும். முதல் ஈற்றுக் கிடேரியாக இருந்தால் அது தானும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இத்தனை வேலையையும் வெறும் வைக்கோலைக் கொண்டு செய்யச் சொல்கிறோம்!

ஆகவே முதலில் ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். சினை ஊசி போட்ட நாளை நாட்காட்டியில் எழுதுவது பலர் வீட்டில் வழக்கமில்லை. ஊசி போட்டவர் தரும் சீட்டும் எங்கோ தொலைந்துவிடுகிறது. ஜனவரி 1-ஆம் தேதி ஊசி போட்டு நின்றிருந்தால் அக்டோபர் 8-ஆம் தேதியை ஒட்டிக் கன்று பிறக்கும். அப்படியானால் ஆகஸ்டு இரண்டாம் வாரத்திலேயே கறவையை நிறுத்திவிட வேண்டும். செப்டம்பர் 17 முதல் கடைசி மூன்று வாரம் தொடங்குகிறது. இந்த மூன்று தேதிகளும் தெரியாத வீட்டில், நான் கீழே எழுதப்போகும் எதனையும் செய்ய இயலாது. ஈனும் நாள்வரை சொட்டுச் சொட்டாகக் கறந்துகொண்டே இருப்பவர்களும் உண்டு. அவர்கள் அந்த ஒரு லிட்டருக்காக அடுத்த கறவையின் பாலை அடகு வைக்கிறார்கள்.

கறவை நிறுத்திய பிறகு, 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ பசுந்தீவனம், 5 கிலோ அளவில் வைக்கோல், ஒன்றரை முதல் 2 கிலோ அடர்தீவனம் என்பது நல்ல அளவு. அடர்தீவனத்தை வீட்டிலேயே கலக்க விரும்புவோர், நூறு கிலோவுக்கு மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 25, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1 என்ற கணக்கில் கலக்கலாம். புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தால் விலை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அந்தப் பூசணத்தின் நஞ்சு பசுவின் ஈரலைக் கெடுப்பதோடு, பிறகு கறக்கும் பாலின் வழியாக உங்கள் பிள்ளையின் குவளைக்கும் வந்துசேரும்.

நன்றாகத் தின்றால் கன்று பெருத்துவிடும் என்ற அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். கன்றின் பருமனைப் பெரிதும் தீர்மானிப்பது காளையின் இனமும் தாயின் இனமும்தான். சிறிய நாட்டுப் பசுவுக்குப் பெரிய இனக் காளையின் விந்தைச் செலுத்தினால் சிக்கல் வரும். அதற்கான எச்சரிக்கை ஊசி போடும் நாளில் இருக்க வேண்டும். தாயைப் பட்டினி போட்டால் கன்று ஓரளவு சிறுக்கலாம். ஆனால் பசு ஈனும் வலுவை இழக்கிறது, சீம்பால் குறைகிறது, பிறந்த கன்று எழுந்து நிற்கத் தடுமாறுகிறது. மறுபக்கம், வசதியுள்ள வீடுகளில் வேறொரு தவறு நடக்கிறது. நின்ற இடத்திலேயே தின்று பசு கொழுத்துவிடுகிறது. கொழுத்த பசு ஈன்றவுடன் தீவனம் எடுக்க மறுக்கும். உடம்பிலுள்ள கொழுப்பு மளமளவென்று கரைந்து ஈரலில் படியும். மூச்சில் ஒருவிதப் புளித்த பழ வாடை அடிக்கும். மருத்துவர்கள் இதனைக் கீட்டோசிஸ் என்பர். எனவே விலா எலும்புகளில் கடைசி ஒன்றிரண்டு மட்டும் இலேசாகத் தெரியும் உடம்பே ஈனும் பசுவுக்கு ஏற்ற உடம்பு. எல்லா விலாவும் எண்ணத்தக்கதாக இருந்தால் பட்டினி. கை வைத்து அழுத்தியும் ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் கொழுப்பு.

பிரிட்டனில் 1920-களில் ராபர்ட் பௌட்ஃப்ளவர் என்ற அறிஞர், ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே அடர்தீவனத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்று ஊர் ஊராகப் போதித்தார். இரயில் எஞ்சின் புறப்படும் முன்னரே நீராவியை ஏற்றி வைப்பதைப் போன்றது இது என்பதால் அம்முறைக்கு ‘நீராவி ஏற்றுதல்’ என்ற பொருளிலேயே ஆங்கிலத்தில் பெயர் நிலைத்தது. ஜோலார்பேட்டை வழியாக நீராவி இரயிலில் பயணம் செய்த நம் பெரியவர்களுக்கு இந்த உவமை எளிதில் விளங்கும். பிற்கால ஆய்வுகள் அவர் சொன்ன அளவுகளைக் குறைத்துவிட்டன. ஆயினும் அடிப்படை மாறவில்லை. பசுவின் முதல் வயிற்றில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புதிய தீவனத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரங்கள் வேண்டும். ஈன்ற மறுநாள் திடீரென்று 5 கிலோ தீவனத்தைக் கொட்டினால் அவை என்ன செய்யும்? கடைசி மூன்று வாரத்தில் அடர்தீவனத்தை இரண்டரை முதல் 3 கிலோ வரை மெல்ல ஏற்றுங்கள். ஈன்ற பிறகு போடப்போகும் அதே கலவையாக அது இருக்கட்டும். கடைசி வாரத்தில் கன்று வயிற்றை நெருக்குவதாலும் உடல் மாறுதல்களாலும் பசு தானாகவே குறைவாகத் தின்னும். அதனால் ஒரே வேளையில் குவிக்காமல், நாளுக்கு நான்கு வேளையாகப் பிரித்துப் போடுவது நலம். நம் வேலூர் வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு எந்தப் பசுவும் ஆர்வமாகத் தின்னாது. விடியலிலும் இரவிலும் போடுங்கள்.

சுண்ணாம்புச் சத்து எப்போது?

இனி, தெரிந்துகொள்ளாததால் மிகுந்த நட்டம் ஏற்படும் செய்திக்கு வருகிறேன்.

நன்றாகக் கறக்கும் பசு, மூன்றாவது அல்லது நான்காவது ஈற்று, கன்று நலமாகப் பிறந்துவிட்டது, வீட்டார் மகிழ்ந்திருக்கிறார்கள். அன்றிரவோ மறுநாளோ பசு தள்ளாடுகிறது, படுக்கிறது, எழ மறுக்கிறது. கழுத்தை வளைத்துத் தலையை விலாப்பக்கம் வைத்துக்கொள்கிறது. காது சில்லிட்டிருக்கிறது; மூக்கு காய்ந்திருக்கிறது; சாணம் போடவில்லை. இதற்குப் ‘பால் காய்ச்சல்’ என்று பெயர். ஆனால் காய்ச்சல் ஏதும் இராது. உடல் குளிர்ந்தே இருக்கும். திருஷ்டி என்றும் காற்றுச் சேட்டை என்றும் எண்ணி வேறு எங்கெங்கோ ஓடும் மணித்துளிகளில் பசு கைநழுவிப் போய்விடும்.

காரணம் இதுதான். சாதாரணப் பாலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுண்ணாம்புச் சத்து சீம்பாலில் உள்ளது. ஒரு லிட்டரில் 2 கிராமுக்கும் மேல். பத்து லிட்டர் சீம்பால் சுரந்தால் 20 கிராமுக்கு மேல் வெளியேறுகிறது. ஆனால் பசுவின் இரத்த நீரில் எந்த ஒரு வேளையிலும் ஓடிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புச் சத்து மொத்தமே 3 கிராம் அளவுதான்! கையிருப்பைப் போலப் பல மடங்கு செலவு ஒரே நாளில் வந்துவிடுகிறது. எலும்பென்னும் பெட்டகத்திலிருந்தும் குடலிலிருந்தும் உடனுக்குடன் எடுத்துக் கொடுக்கக் கழுத்திலுள்ள ஒரு சிறு சுரப்பி கட்டளை இட வேண்டும். அந்தச் சுரப்பியும் எலும்பும் விழித்துக்கொள்ள ஓரிரு நாள் தாமதமானால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து வற்றி, தசைகள் இயங்க மறுக்கின்றன. பசு விழுகிறது.

இந்த நோயின் வரலாறு சுவையானது. டென்மார்க் நாட்டுக் கால்நடை மருத்துவர் ஷ்மிட் என்பவர், மடியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று கருதி, 1897-ல் மடிக்குள் மருந்துக் கரைசலைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். அதுவரை இந்நோய் கண்ட பசுக்களில் பெரும்பாலானவை மடிந்துகொண்டிருந்தன. பிறகு பெரும்பாலானவை பிழைத்தன. சில ஆண்டுகளில், மருந்தே தேவையில்லை, காம்பின் வழியே காற்றை அடித்து மடியை உப்பச் செய்தாலே போதும் என்று கண்டார்கள். மடியின் அழுத்தத்தால் பால் சுரப்பு நின்று, சுண்ணாம்புச் சத்து இரத்தத்திலேயே தங்கியதுதான் அதன் இரகசியம். ஆனால் அந்த இரகசியம் அப்போது யாருக்கும் தெரியாது. 1925-ல் பிரிட்டனில், விழுந்த பசுக்களின் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருப்பதை அளந்து காட்டிய பிறகே விளங்கிற்று. தவறான காரணத்தை நம்பிச் சரியான மருத்துவம் செய்த காலம் ஒன்று இருந்திருக்கிறது!

நம் ஊரில் நடப்பது அதற்கு மறுதலை. காரணம் சரியாகத் தெரிந்திருந்தும் மருத்துவம் தவறான வேளையில் நடக்கிறது. பசு சினையாக இருக்கும் கடைசி மாதத்தில் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் புட்டி புட்டியாக வாங்கி ஊற்றுகிறார்கள். கடைக்காரரும் எடுத்துக் கொடுக்கிறார். ஈனும் முன்பே சேர்த்து வைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 1954-ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவில் போடா, கோல் என்ற இரு ஆய்வாளர்கள் இதனைச் சோதித்து எழுதிவிட்டனர். ஈனும் முன் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்தைக் குறைத்தால் பால் காய்ச்சல் குறைகிறது என்பதே அவர்கள் கண்டது. தேவைக்கு மேல் வாய்வழியாகக் கிடைத்துக்கொண்டே இருக்கும்போது அந்தச் சிறு சுரப்பி உறங்கிவிடுகிறது. எலும்பிலிருந்து எடுக்கும் வழி அடைபட்டுக் கிடக்கிறது. ஈன்ற அன்று அதனை எழுப்பினால் உடனே எழாது. ஆகவே நன்கு கறக்கும் பசுவுக்குக் கடைசி மூன்று வாரத்தில் சுண்ணாம்புச் சத்து மருந்து ஊற்றாதீர்கள். மருத்துவர் பார்த்துக் கொடுக்கச் சொன்னால் மட்டும் கொடுங்கள். ஈன்ற அன்று ஒரு முறையும், பன்னிரண்டு மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் மறுமுறையும் கொடுப்பதே பயன்தரும். அதே புட்டி, அதே விலை, வேளைதான் வேறு.

இன்னொரு நுட்பமும் உண்டு. நார்வே நாட்டில் 1960-களிலும் 70-களிலும் நடந்த ஆய்வுகள், தீவனத்திலுள்ள சாம்பல் சத்தும் சோடியமும் மிகுந்தால் பசுவின் இரத்தம் காரத்தன்மை கொண்டு, அந்தச் சுரப்பியின் கட்டளை உடலில் எடுபடாமல் போகிறது என்று காட்டின. சாணக் கரைசல் பாய்ந்து செழித்து நிற்கும் கம்பு-நேப்பியர்ப் புல்லில் சாம்பல் சத்து மிகுதி. வேலிமசால், நிலக்கடலைக் கொடி போன்ற பயறுவகைத் தீவனங்களில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. இவை நல்ல தீவனங்களே; கறவைக்காலத்தில் தாராளமாகப் போடுங்கள். கடைசி மூன்று வாரத்தில் மட்டும் இவற்றைக் குறைத்து, சோளத்தட்டையோ வைக்கோலோ சேர்த்துச் சமன் செய்தால் போதும். தாது உப்புக் கலவையை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். அதிலுள்ள மக்னீசியம் இல்லாமல் சுரப்பி வேலை செய்யாது. மருத்துவர் சொல்லும் அளவில் போட்டு வாருங்கள்.

நாளுக்கு ஐந்தாறு லிட்டர் கறக்கும் பசுவின் சொந்தக்காரர் இதையெல்லாம் படித்து அஞ்ச வேண்டியதில்லை. பத்து லிட்டருக்கு மேல் கறந்த, மூன்றாம் ஈற்றைத் தொட்ட பசுக்களுக்கே, அதிலும் ஜெர்சிக் கலப்புக்கே, இந்த ஆபத்து மிகுதி. நம் பகுதியில் ஜெர்சிக் கலப்பே பரவலாக இருப்பதால்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

பசு விழுந்துவிட்டால் கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியையும் கேட்கலாம். மருந்தை இரத்தக் குழாயில் மிக மெதுவாக ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் இது அரைகுறையாகக் கற்றவர் செய்யும் வேலையன்று. மருத்துவர் வரும்வரை பசுவை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்க விடாமல், நெஞ்சின்மீது நிமிர்ந்து அமரும்படி வைக்கோல் மூட்டையை அண்டை கொடுங்கள். படுத்துக் கிடக்கும் பசுவின் வாயில் கஞ்சியோ எண்ணெயோ மருந்தோ ஊற்றவே கூடாது. விழுங்கும் ஆற்றலை இழந்த பசுவுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

ஈன்ற அன்று

கொடி விழும்வரை பால் கறக்கலாகாது, கன்றையும் ஊட்டவிடலாகாது என்பது பல வீடுகளில் எழுதப்படாத சட்டம். இதனால் கன்று ஆறு மணி, எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு நிற்கிறது. பசுவின் கருப்பையில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்பாற்றல் கன்றுக்குச் செல்வதில்லை. அது முழுவதும் சீம்பாலில்தான் வைக்கப்பட்டுள்ளது. அந்த எதிர்ப்பொருள்களை அப்படியே ஏற்கும் கன்றின் குடல் முதல் ஆறு மணி நேரத்தில் நன்கு திறந்திருக்கிறது. ஒரு நாளில் மூடிக்கொள்கிறது. ஆகவே பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊட்ட வேண்டும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் வேண்டும். அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள். கன்று ஊட்டும்போது சுரக்கும் இயக்குநீர் கருப்பையைச் சுருங்கச் செய்து கொடி விழவும் துணை புரிகிறது என்பதால், காத்திருப்பது இருவகையிலும் கேடு. சீம்பாலைக் காய்ச்சி அண்டை வீட்டாருக்குக் கொடுத்து மகிழும் நல்வழக்கம் நம்மிடம் உண்டு. கொடுங்கள், ஆனால் கன்று குடித்த பிறகு கொடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் கொடி விழாவிட்டால் அதில் கல்லையோ செருப்பையோ கட்டித் தொங்கவிடாமல், கையால் இழுக்காமல், மருத்துவரிடம் சொல்லுங்கள். நன்கு கறக்கும் பசுவின் மடியை முதல் இரண்டு நாள் ஒட்டக் கறக்காமல் சற்று விட்டு வைப்பதும் பால் காய்ச்சலுக்கு ஒரு தடுப்பு.

தண்ணீர் காட்டினால் சளி பிடிக்கும் என்று ஈன்ற பசுவைத் தாகத்தில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். கன்றோடு பனிக்குட நீரும் வெளியேறிய உடம்பு அது. வெதுவெதுப்பான நீரை வேண்டிய மட்டும், சிறிது வெல்லமும் ஒரு பிடி உப்பும் கலந்து, உடனே காட்டுங்கள். பிறகு ஒரு லிட்டர் பாலுக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் என்றவுடன் நம் பாலாற்றங்கரையின் துயரமும் நினைவுக்கு வருகிறது. தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி நாடெங்கும் பேசப்பட்டது நம் ஊர்த் தண்ணீரை வைத்துத்தான். தீர்ப்பு வந்து பல்லாண்டுகள் ஆகியும் உப்புக் கரிக்கும் கிணறுகள் இப்பகுதியில் இருக்கின்றன. லிட்டருக்கு 7000 மில்லிகிராமுக்கு மேல் உப்புகள் கரைந்த நீர் சினைப் பசுவுக்கும் கறவைப் பசுவுக்கும் உதவாது. அதற்குக் குறைவாக இருந்தாலும் கரிப்பு நீர் குடிக்கும் நிறைசினைப் பசுவுக்கு மடி நீர் கோத்து வீங்கும். அவ்வாறான கிணறு உடையவர்கள் கடைசி மாதத்தில் தீவனத்தில் உப்பைக் குறைத்து, குடிக்க மட்டுமாவது வேறு நீர் காட்ட முயல வேண்டும். தோலின் தரத்தைத் தொட்டுப் பார்த்தே விலை சொல்லும் வல்லுநர்கள் நிறைந்த பகுதி நம்முடையது. அந்தத் தோலுக்குள் உயிரோடு நிற்கும் பசு என்ன நீரைக் குடிக்கிறது என்பதையும் தொட்டுப் பார்த்தால் என்ன?

விருந்துச் சோறு

இதைச் சொல்லும்போது சிலர் வருந்தக்கூடும். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். நம் திருமண விருந்துகளில் பிரியாணி மிஞ்சுகிறது. வீணாக்குவது பாவம் என்று கருதி, அடுத்த தெருவில் கட்டியிருக்கும் பசுவின் முன் அண்டாவோடு கவிழ்க்கிறோம். ஈன்ற பசுவுக்கு உடம்பு தேறட்டும் என்று அரிசிக் கஞ்சியைக் குடம் குடமாகக் காட்டுவதும் இதே வகைதான்.

புல்லுக்காகப் படைக்கப்பட்ட அந்த வயிற்றில் வெந்த சோறு மிகுதியாகப் போனால், சில மணி நேரத்தில் புளித்து அமிலமாகிவிடும். பசு அசை போடுவதை நிறுத்தும். வயிறு தளும்பும். புளித்த வாடையுடன் சாணம் நீராகக் கழியும். பல்லைக் கடிக்கும், தள்ளாடும், படுக்கும். ஓரிரு நாளில் இறந்தும் போகலாம். பிழைத்தாலும் குளம்பு நொந்து நெடுநாள் நொண்டும். மற்றக் காலத்தில் தாங்கிக்கொள்ளும் அளவைக்கூட ஈன்ற இரண்டு மூன்று வாரத்தில் பசு தாங்காது. அதன் வயிறு அப்போதுதான் மாறிக்கொண்டிருக்கிறது. சோற்றோடு சேர்ந்து போகும் எலும்புத் துண்டும் பிளாஸ்டிக் பையும் தனிக் கேடு. மிஞ்சிய சோறு தின்றுவிட்டது என்று தெரிந்தால், பசு நின்றுகொண்டிருக்கும் நிலையில் 100 கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து மெல்லப் புகட்டிவிட்டு, மருத்துவருக்குச் சொல்லுங்கள். மிஞ்சிய உணவை மனிதருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு விருந்து நடத்துபவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் பசுவும் பிழைக்கும், உணவும் உரியவரை அடையும்.

ஈன்ற பிறகு அடர்தீவனத்தை 3 கிலோவில் தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒரு முறை அரை கிலோ வீதம் ஏற்றுங்கள். உடலுக்கு ஒன்றரை கிலோ, அதன்மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்ற அளவை மூன்று வாரத்தில் எட்டினால் போதும். பால் உச்சத்தை அடைவது ஆறு முதல் எட்டு வாரத்தில். பசுவின் பசி உச்சத்தை அடைவதோ பத்து வாரத்துக்குப் பிறகுதான். இடைப்பட்ட நாட்களில் அது தன் உடம்பைக் கரைத்தே உங்கள் பாத்திரத்தை நிரப்புகிறது. வற்றிய இரண்டு மாதத்தில் நீங்கள் போட்டதுதான் இப்போது கரைகிறது. உச்சத்தில் ஒரு லிட்டர் கூடினால் அந்தக் கறவை முழுவதற்கும் ஏறத்தாழ 200 லிட்டர் கூடும் என்பது பால் பண்ணையாளர்களின் கணக்கு. அறுபது நாளும் ஒன்றரை கிலோ வீதம் போட்டால் மொத்தம் 90 கிலோ அடர்தீவனம். உங்கள் ஊர் விலையில் இரண்டையும் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றியும், எலும்பும் தோலுமாக ஈன்ற பசு மூன்று மாதம் ஆகியும் பருவத்துக்கு வருவதில்லை. “நாலு ஊசி போட்டும் நிற்கவில்லை” என்று ஊசியைக் குறை சொல்கிறோம்.

கடைசியாக, புதிதாகப் பசு வாங்குவோருக்கு ஒரு சொல். நமக்கும் வேலூருக்கும் இடையே பொய்கையில் செவ்வாய்தோறும் கூடும் மாட்டுச் சந்தைக்கு நெடுந்தொலைவிலிருந்தெல்லாம் நிறைசினைப் பசுக்களும் ஈன்ற பசுக்களும் வருகின்றன. மடியைப் பார்க்கிறோம், பல்லைப் பார்க்கிறோம், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறோம். இதுவரை என்ன தீவனம் போட்டார்கள் என்று கேட்பவர் மிகக் குறைவு. வண்டியில் நின்று களைத்து வந்த பசு, புது இடம், புதுத் தண்ணீர், புதுத் தீவனம் என எல்லாவற்றையும் ஈனும் வாரத்திலேயே சந்திக்கிறது. விற்பவரிடம் எத்தனையாவது ஈற்று, சென்ற முறை எவ்வளவு கறந்தது, ஈன்றபின் விழுந்தது உண்டா, எப்போது ஊசி போட்டது என்று கேளுங்கள். ஒரு முறை பால் காய்ச்சல் கண்ட பசுவுக்கு மறு ஈற்றிலும் வர வாய்ப்பு மிகுதி. கூடுமானால் ஈனுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும் பசுவாகப் பார்த்து வாங்குங்கள். அது தின்று வந்த தீவனத்தில் ஒரு வாரத்துக்கு ஆகும் அளவு கிடைத்தால் கேட்டு வாங்கி வந்து, உங்கள் தீவனத்தை அதனுடன் நாளுக்கு நாள் கூட்டிக் கலந்து போடுங்கள். வீடு சேர்ந்த அன்று வைக்கோலும் தண்ணீரும் போதும்.